பொங்கல் வரைக்கும் தொடாதீங்கப்பா!

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. அதன் கடைசி இரண்டு சொற்கள்: 'பெர்மிஷன் டினைடு.' அனுமதி மறுக்கப்பட்டது.

சொந்த வீட்டில், சொந்தப் பணத்தில் வாங்கிய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் 66 வயது மனிதருக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அதேதான்.

"என்னங்க, என்ன சொல்லுது?" என்று கேட்டபடி வந்தார் மனைவி.

"எனக்கு அனுமதி இல்லையாம்."

"யார் கொடுக்கணுமாம்?"

அந்தக் கேள்விக்கு அப்போது அவரிடம் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நாள் ஆனது.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் 33 வருஷம் வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். லேப்டாப் பத்து வருஷம் பழசு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இந்தப் பழைய லேப்டாப்பை அது ஏற்றுக்கொள்ளாது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தீபாவளிக்கு வந்த மகன், பென்டிரைவில் வைத்திருந்த லினக்ஸ் மின்ட் 21-ஐ அதில் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது. ஆமை மாதிரி இருந்த மெஷின் முயலானது.

மகனுக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த பிள்ளை. பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் 'உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது' என்று வந்த ஒரு போன் அழைப்பை நம்பி, அப்பா ஓடிபி-யைச் சொல்லி 18,000 ரூபாயைத் தொலைத்தார். அன்றிலிருந்து வங்கி ஆப், பாஸ்வேர்டு, கரன்ட் பில் எல்லாம் மகன் கைக்குப் போய்விட்டன. "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்கப்பா, நான் பண்ணிடுறேன்" என்பான். பண்ணியும் விடுவான். ஆனால் மாசம் பிறந்தால் தன் பென்ஷன் வந்துவிட்டதா என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது, அவர் குரல் ஒரு சுருதி இறங்கும். அது மகன் காதில் விழுந்ததில்லை.

லினக்ஸ் போட்டபோதும் அதே பாதுகாப்புதான். மெஷினில் இரண்டு பயனர் கணக்குகள். எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கு மகன் பெயரில். எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம் என்ற அளவில் சாதாரணக் கணக்கு அப்பா பெயரில்.

அப்பாவுக்கு அந்த லேப்டாப்பில் வேலை என்று இருப்பது ஒன்றுதான். மனைவியின் உடல்நலக் கணக்கு.

அந்த அம்மாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். உலோக வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. அதனால் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்து, எண்ணைப் பார்த்து, அளவை அரை மாத்திரை கால் மாத்திரையாகக் கூட்டிக் குறைப்பார் மருத்துவர். அவருக்குச் சொல்லியிருக்கும் எல்லை 2.5-லிருந்து 3.5 வரை. கீரையில் வைட்டமின் கே இருப்பதால், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் முருங்கைக்கீரை சாப்பிட்டால்கூட எண் இறங்கலாம். ஆகவே தேதி, மாத்திரை அளவு, ஐஎன்ஆர், அன்றைக்குக் கீரை உண்டா இல்லையா என்று நான்கு கட்டங்கள் போட்டு அவர் தினமும் பதிந்து வருகிறார்.

2024-ல் ஒருநாள் அந்த லேப்டாப் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. 14 மாசக் கணக்கு அப்படியே போயிற்று. "போன தடவை குறைஞ்சப்ப என்ன டோஸ்ல இருந்தீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நோட்டுலயே எழுதறேன்னு சொன்னேன், இவர்தான் கம்ப்யூட்டர்னு சொன்னாரு" என்று அந்த அம்மா மருத்துவரிடமே புகார் செய்தார். இன்றுவரை அந்தப் புகார் முடித்துவைக்கப்படவில்லை.

இதற்காகத்தான் மகன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். ஸ்கிரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கணினிக்கு வரிசையாகச் சொல்ல வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைப்பது. இதை இயக்கினால், இயக்குகிறவருடைய ஆவணங்கள் அத்தனையும் அன்றைய தேதியோடு பென்டிரைவில் நகலாகிவிடும். இருவரும் திறக்கக்கூடிய 'பொது' என்ற ஃபோல்டரில் அதை வைத்தான். தன் கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான், ஓடியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டான்.

மகன் போன மறுநாள் அப்பா அதை டபுள் கிளிக் செய்தார். ஓடுவதற்குப் பதிலாக, உள்ளே இருந்த எழுத்துகள் திறந்துகொண்டன. மகன் சொல்லிக் கொடுத்தபடி டெர்மினலைத் திறந்து, புள்ளி, சாய்கோடு, ஸ்கிரிப்டின் பெயர் என்று தட்டினார். அந்தப் புள்ளியும் சாய்கோடும் 'இதே ஃபோல்டரில் இருக்கிற கோப்பு' என்று லினக்ஸுக்குச் சொல்வதற்கு. அவை இல்லாவிட்டால் வேறு எங்கெங்கோ தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும்.

அப்போதுதான் 'பெர்மிஷன் டினைடு.'

மகனுக்கு வீடியோ கால் போட்டார். அவன் மீட்டிங்கில் இருந்தான். "அப்பா, அது ஒண்ணுமில்ல, சின்ன பெர்மிஷன் பிரச்னை. நீங்க எதையும் தொடாதீங்க. பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கறேன்."

பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாசம். மருத்துவரைப் பார்க்க வேண்டியது டிசம்பரில். அதற்குள் டிஸ்க் மறுபடி படுத்தால்?

"தொடாதீங்கன்னுட்டான்" என்றார் மனைவியிடம்.

"அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். நீங்க பார்க்காத ஃபைலா?"

முதல் நாள் அவர் செய்தது ஒரு பெரிய தவறு. மகன் அடிக்கடி தட்டுவதைப் பார்த்திருந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது: 'சூடோ.' ஒரு கட்டளைக்கு முன்னால் இதைப் போட்டால், அந்தக் கட்டளை மட்டும் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு நடக்கும். அவரும் போட்டார். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தார். இரண்டு விநாடி யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. 'சூடோ அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இவர் இல்லை. இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்' என்பது அதன் சாரம்.

அரசு ஊழியராக இருந்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் வலி புரியும். 33 வருஷ சர்வீஸில் ஒரு 17(பி) குறிப்பாணைகூட வாங்காதவர். ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து, ஒரு லேப்டாப் அவரைப் பற்றி ரிப்போர்ட் அனுப்பப் போகிறதாம். சட்டென்று மூடிவைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உண்மையில் அந்த ரிப்போர்ட் எங்கும் போகவில்லை. அதே லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டில், இந்த நாள், இந்த நேரம், இன்னார் முயற்சி செய்தார் என்று ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். நூறு பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் கல்லூரியிலோ கம்பெனியிலோ அதைப் பார்க்க ஒரு நிர்வாகி இருப்பார். இந்த வீட்டில் நிர்வாகி பெங்களூரில் மீட்டிங்கில் இருந்தார்.

இரண்டாம் நாள், பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண் மோர் வாங்க வந்தாள். கணினிப் பிரிவு. விஷயத்தைச் சொன்னதும், "இவ்ளோதானா தாத்தா, 777 போட்டுருங்க, எல்லாம் ஓடும்" என்றாள்.

"777-னா என்ன?"

"தெரியலையே தாத்தா. லேப்ல எல்லாரும் அதான் போடுவோம்."

நேர்மையான பெண். இந்த ஒரு பதிலுக்காகவே அவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் என்னவென்று தெரியாத ஒன்றில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளையே உட்காரவைத்து, அனுமதிகளைப் பார்க்கும் கட்டளை எது என்று கேட்டார். 'எல்எஸ்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கோடும் 'எல்'லும் போட்டுக் காட்டினாள் அவள்.

திரையில் ஒரு வரி வந்தது. தொடக்கத்தில் பத்து எழுத்துகள்: கோடு, ஆர், டபிள்யூ, எக்ஸ், ஆர், கோடு, கோடு, ஆர், கோடு, கோடு. அதற்குப் பிறகு மகனின் பெயர் இரண்டு தடவை. அப்புறம் கோப்பின் அளவு, தேதி, கோப்பின் பெயர்.

அவள் போன பிறகு அவர் அந்த வரியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தார். விளக்கம் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. லினக்ஸுக்குள்ளேயே கையேடு இருக்கிறது. 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைத் தட்டினால் அந்தக் கட்டளைக்கான பக்கங்கள் விரியும். இளைஞர்கள் அந்தப் பக்கங்களைக் கண்டால் ஓடுகிறார்கள். வறண்ட ஆங்கிலம், சுற்றிச் சுற்றி வரும் வாக்கியங்கள். அரசாணைகளிலேயே ஊறியவருக்கு அந்த நடை பழகியதுதான்.

பத்தில் முதல் இடம், இது சாதாரணக் கோப்பா, ஃபோல்டரா என்பதைச் சொல்ல. கோடு என்றால் சாதாரணக் கோப்பு, 'டி' என்றால் ஃபோல்டர். மீதி ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும். முதல் மூன்று கோப்பின் உரிமையாளருக்கு. அடுத்த மூன்று அவர் சேர்ந்த குழுவுக்கு. கடைசி மூன்று மற்ற எல்லாருக்கும். 'ஆர்' இருந்தால் படிக்கலாம். 'டபிள்யூ' இருந்தால் திருத்தலாம். 'எக்ஸ்' இருந்தால் இயக்கலாம். கோடு இருந்தால் அது கிடையாது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது வட்டாட்சியர் அலுவலகம்! அ-பதிவேட்டை மனு கொடுத்து யாரும் பார்வையிடலாம். அதில் திருத்தம் செய்ய எல்லாராலும் முடியாது. நடைமுறைக்கு வரும் உத்தரவாக மாற்ற, அதற்கு உரியவர் ஒப்பமிட வேண்டும். படிப்பது, திருத்துவது, செயலுக்குக் கொண்டுவருவது மூன்றும் தனித்தனி அதிகாரம். இதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறார்.

இந்த ஒற்றுமை தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியபோது, ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான் வழக்கம். அங்கே ஆராய்ச்சியாளர்களுக்கு வெளியே அதை முதலில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியது, ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள். ஆம், தட்டச்சர்கள்தான்! ஒருவர் அடித்து வைத்ததை இன்னொருவர் கை தவறி அழித்துவிடக்கூடாதே? 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே, அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மாட்' கட்டளை இருக்கிறது. அப்போது உரிமையாளர், மற்றவர் என்ற இரண்டு வகைதான். குழு என்ற நடு அடுக்கு பின்னால் சேர்ந்தது. 1991-ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அந்த ஏற்பாடு அப்படியே வந்து சேர்ந்தது. தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த நம் பெரியவருக்கு இது தெரிந்தால் மீசையை முறுக்கிக்கொள்வார்.

777-ம் இப்போது விளங்கிவிட்டது. படிக்க 4, திருத்த 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 7, ஊர் உலகத்துக்கே 7. அதாவது எவர் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம். முத்திரைத்தாளில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு லினக்ஸில் 777 என்று பெயர். அவசரத்துக்கு அதைப் போட்டவர்கள் அப்புறம் மறந்துவிடுவார்கள் என்பதுதான் இதில் ஆபத்து. நிர்வாகி அதிகாரத்தோடு மெஷின் முழுவதற்கும் 777 போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: சூடோவே வேலை செய்யாமல் போய்விடும். தன்னுடைய கோப்புகளின் அனுமதி சரியாக இல்லையென்றால் அது இயங்க மறுக்கும்.

மகனின் கோப்பில் இருந்தது 744. உரிமையாளருக்கு 7. மற்ற இரண்டு தரப்புக்கும் 4, அதாவது படிக்க மட்டும். மகன் தன் கணக்கில் ஓட்டிப் பார்த்தபோது அது ஏன் ஓடியது, அப்பாவின் கணக்கில் ஏன் ஓடவில்லை என்பதற்கு இதுதான் விடை. 'எனக்கு வேலை செய்யுதே' என்று சாஃப்ட்வேர்காரர்கள் சொல்லும் பிரபலமான வாக்கியத்தில் பாதி இப்படிப்பட்டதுதான்.

சும்மா இருப்பானேன் என்று, இயக்கும் அனுமதியைச் சேர்க்க சிஎச்மாட் போட்டுப் பார்த்தார். 'இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை' என்றது. கோப்பு யாருடையதோ அவர்தான், அல்லது நிர்வாகிதான், அதன் அனுமதியை மாற்ற முடியும். நியாயம்தானே. அடுத்தவர் பட்டாவில் நாம் எப்படிப் பெயர் சேர்ப்பது?

அன்று இரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கோப்பு ஓடாதது காரணமில்லை. அந்த வரியில் மகனின் பெயர் இரண்டு தடவை இருந்ததுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது. வீட்டு வரி ரசீது இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது என்ற நினைப்பு ஏனோ நடுராத்திரியில் வந்தது.

மூன்றாம் நாள் கையேட்டில் ஒரு சந்து கிடைத்தது. ஸ்கிரிப்டை நேரடியாக இயக்காமல், 'பேஷ்' என்ற நிரலைக் கூப்பிட்டு, 'இந்தக் கோப்பைப் படித்து, அதில் சொன்னபடி செய்' என்று சொல்லலாம். இயங்குவது பேஷ். அதை இயக்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. கோப்பைப் பொறுத்தவரை அது வெறுமனே படிக்கப்படுகிறது, படிக்கவோ அவருக்கு அனுமதி இருக்கிறது. மேலதிகாரி லீவில் இருக்கும்போது அவர் எழுதி வைத்த குறிப்பை எடுத்து, நாமே வாசித்து வேலையை முடிப்பது மாதிரி.

தட்டினார். ஒரு கணம் எதுவும் வரவில்லை. நெஞ்சு படபடத்தது. பிறகு ஒரு நீளமான வரி வந்து, கடைசியில் அதே இரண்டு சொற்கள்: 'பெர்மிஷன் டினைடு.'

"மறுபடியும் அதேதான்" என்று எழுந்துவிட்டார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் வரியின் நீளம் தெரிந்தது. "நேத்து இம்மாம் பெருசா இல்லையே? முன்னாடி என்னமோ எழுதியிருக்கே, அதைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. மூன்று நாளாகக் கடைசி இரண்டு சொற்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, வரியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். முதலில் நகலெடுக்கும் கட்டளையின் பெயர். அடுத்து அது போய் முட்டிக்கொண்ட இடத்தின் முகவரி. அந்த முகவரிக்கு நடுவில் மகனின் பெயர். கடைசியில்தான் அந்த இரண்டு சொற்கள்.

விஷயம் இதுதான். லினக்ஸ் மின்ட்டில் பென்டிரைவைச் சொருகினால், அப்போது உள்ளே இருக்கும் பயனரின் பெயரில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே அதைத் திறக்கும். மகன் சோதித்தபோது அது மகன் பெயரில் இருந்த இடம். அந்த முகவரியை அப்படியே எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டிவிட்டான். அப்பா சொருகினால் அதே பென்டிரைவ் அப்பா பெயரில் இருக்கும் வேறு இடத்தில் திறக்கிறது. ஸ்கிரிப்டோ இன்னும் மகனின் வாசலில் போய் நிற்கிறது. அது இன்னொருவர் இடம், உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் மூடியிருந்தது ஒரு கதவு, இன்று மூடியிருந்தது வேறு கதவு. இரண்டிலும் தொங்கிய பலகை மட்டும் ஒன்று.

பொங்கலுக்கு வந்து மகன் 777 போட்டிருந்தாலும் இது ஓடியிருக்காது.

நான்காம் நாள் காலை, குளித்து, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தார். மகனின் கோப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் தன் ஃபோல்டரில் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, வரி வரியாகத் தட்டச்சு செய்தார். நகலெடுக்கும் கட்டளை ஒன்றே போதும். படிக்க அனுமதி உள்ளவர் நகல் எடுக்கலாம், எடுத்த நகல் எடுத்தவருக்கே சொந்தம். இது அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும் தட்டினார். உண்மை நகல் என்று சான்றளிக்க வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தும் தன் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஓர் இடத்தில் இடைவெளி விட மறந்து, மறுபடி திருத்தினார். முகவரி வந்த வரியில் மகனின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். அந்த ஒரு சொல்லைத் தட்டும்போது மட்டும் கொஞ்சம் நிதானித்தார்.

சேமித்துவிட்டு எல்எஸ் போட்டுப் பார்த்தால், உரிமையாளர் இடத்தில் அவர் பெயர். ஆனால் அனுமதியில் எக்ஸ் எங்கும் இல்லை. புதிதாக எழுதிய எந்தக் கோப்பையும் லினக்ஸ் தானாக இயக்கவிடாது. எழுதியவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். சிஎச்மாட், 'யூ' கூட்டல் 'எக்ஸ்' என்று போட்டார். 'யூ' என்றால் உரிமையாளர். தனக்கு மட்டும் இயக்கும் அனுமதி, வேறு யாருக்கும் வேண்டாம்.

புள்ளி, சாய்கோடு, பெயர், என்டர்.

ஒன்றுமே வரவில்லை. கர்சர் அடுத்த வரியில் போய் மினுங்கியது. மறுபடி என்னவோ தப்பு என்று அவர் கையைப் பிசைந்தார். லினக்ஸின் குணம் அப்படி. சொன்னதைச் செய்துவிட்டால் பேசாது. பென்டிரைவைத் திறந்து பார்த்தபோது, அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அவர் போட்ட நான்கு கட்டங்கள், கீரை உட்பட.

கையோடு அந்தப் பென்டிரைவிலிருந்தே ஸ்கிரிப்டை ஓட்ட முடியுமா என்றும் பார்த்தார். முடியவில்லை. பெரும்பாலான பென்டிரைவ்கள் எல்லாக் கணினிகளிலும் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் வழக்கப்படி தயாரானவை. அந்த முறையில் லினக்ஸின் ஒன்பது எழுத்துகளைக் குறித்து வைக்க இடமே கிடையாது. சிஎச்மாட் சொன்னாலும் அங்கே ஒட்டாது. ஆவணங்களைச் சுமக்கட்டும், ஸ்கிரிப்ட் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியாகத் தன் ஃபோல்டருக்கு 700 போட்டார். உரிமையாளருக்கு எல்லாம், மற்றவர்களுக்குப் பூஜ்யம்.

மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

டிசம்பரில் மருத்துவரிடம் போனபோது ஐஎன்ஆர் 2.1 என்று இறங்கியிருந்தது. அவர் தாளை நீட்டினார். மருத்துவர் மூன்று மாசத்தையும் விரலால் இறக்கிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல கீரை ஜாஸ்தியாயிருக்கேம்மா" என்றார். அந்த அம்மா கணவரை முறைத்தார். கட்டத்தில் அதைப் பதிந்தவர் அவர்தானே.

பொங்கலுக்கு மகன் வந்தான். இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல் சந்தடி அடங்கிய பிறகு, "அந்த பெர்மிஷன் விஷயம் இருந்துச்சில்லப்பா, பார்த்துடலாம்" என்று லேப்டாப்பைத் திறந்து தன் கணக்கில் நுழைந்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,

"அப்பா, உங்க ஃபோல்டரை எனக்குத் திறக்க மாட்டேங்குதே."

"ஆமா. 700 போட்டிருக்கேன்."

மகன் திரும்பிப் பார்த்தான். சூடோ போட்டு அவன் நொடியில் திறந்துவிடலாம். கை விசைப்பலகைக்குப் போயிற்று, அப்படியே நின்றது. "திறக்கலாமா?" என்று கேட்டான்.

"நானே திறந்து காட்டறேன், தள்ளு." தன் கணக்கில் நுழைந்து, ஸ்கிரிப்டைக் காட்டினார். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, ஒரு நாள் விடாமல் பென்டிரைவில் வரிசையாகத் தேதிகள். முகவரி வரியைப் பார்த்ததும் மகன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அட, என் பேரையே போட்டுட்டுப் போயிருக்கேன்!"

"ஆமா. அதான் ஓடலை."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"தொடாதீங்கன்னியே."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த அம்மா காது இங்கேதான் இருந்தது.

"சரி, உங்களையும் சூடோ லிஸ்ட்ல சேர்த்துடறேன்" என்றான் மகன். "ஒரே ஒரு கமாண்ட்தான். அப்புறம் ஒருதடவை வெளியே போய் மறுபடி லாகின் பண்ணாதான் நடைமுறைக்கு வரும்."

"அதை நீயே வெச்சுக்க. எனக்கு எதுக்கு அவ்வளவு பவர்? மெஷினுக்கு ஏதாவது ஆனா நீதானே பார்க்கணும்." அவர் பென்டிரைவைக் கழற்றி, மூடி போட்டு, மேஜை டிராயரில் வைத்தார். "என் பென்ஷன் அக்கவுண்ட் பாஸ்வேர்டை மட்டும் எழுதிக் குடு. ஓடிபி கேட்டு எவன் கூப்பிட்டாலும் சொல்ல மாட்டேன். அதைத்தான் 18,000 குடுத்துப் படிச்சாச்சே."

மகன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். எழுதிவிட்டு, "இதை மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சுப் போட்டுடுங்கப்பா. இல்லேன்னா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்குங்க. எப்படி மாத்தறதுன்னு காட்டறேன்" என்றான்.

"காட்டு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏழு மணி ஆச்சு, என் மாத்திரையை எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் காட்டுங்க ரெண்டு பேரும்."